ஒரே நிறத்தில் ஒரு சின்ன குயில்ட்: வெள்ளையா, நீலமா, காபிப் பழுப்பா?

ஏற்காட்டில் அக்கா வீட்டு முன்னறையில் ஒரு சுவர் ரொம்ப நாளாக வெறுமையாகக் கிடந்தது. பழைய காலண்டர் ஆணி ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். போன வருடம் மலைக்குப் போயிருந்தபோது, "அங்க மாட்டற மாதிரி நீயே ஏதாச்சும் தைச்சுக் குடு கண்ணு" என்றாள். ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அந்த இடத்துக்குச் சின்னதாக ஒரு குயில்ட் தைக்கலாம், அதையும் ஒரே நிறத்தில் செய்யலாம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே, 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன். எந்த நிறம் என்பதைத் தீர்மானிக்கத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் தைத்துப் பார்த்த மாதிரிகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குயில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் கைக்குழந்தைக்கு விரிப்பு தைத்ததும் இந்த வகைதான். வங்காளத்துக் காந்தாவும் அப்படியே; பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய நூலிலேயே அங்கே தைத்தார்கள். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. படுக்கையில் கிடந்த பொருளைச் சுவரில் வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அது பெரிய தூண்டுதல். 1979-இல் ஒகையோ மாநிலத்தில் குயில்ட் நேஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது. 1989-இல் இதற்கென்றே கலைஞர்கள் சங்கம் ஒன்றும் அமைத்துக்கொண்டார்கள். சுவருக்குப் போன பிறகு, துவைக்க வேண்டுமே, போர்த்த வேண்டுமே என்ற கவலை போய்விட்டது. அப்புறம்தான் துணியோடு காகிதம், உலோகம், விதை, இலை, பெயின்ட் எல்லாம் உள்ளே வந்தன. கலப்புப் பொருள் குயில்ட் என்பது இதுதான்.

இப்போது ஒரே நிறம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் கண் தானாகவே இரண்டையும் பிரித்துக்கொள்ளும். எல்லாமே பழுப்பு என்றால் அந்த உதவி கிடைக்காது. ஒரு துண்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சுவது இரண்டே வழி. ஒன்று, வெளிர், நடுத்தரம், அடர் என்கிற வேறுபாடு. இன்னொன்று, பளபளப்பு, மங்கல், சொரசொரப்பு, மழமழப்பு என்கிற மேற்பரப்பு. ஆகவே எனக்குப் பிடித்த நிறம் எது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, எந்த நிறத்தில் இந்த இரண்டு வேறுபாடும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அதிகம் கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். மாட்டப்போகும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். சேலத்து வீட்டில் வெயில்தான் எதிரி என்றால் அங்கே ஈரம்.

வெள்ளை, நீலம், பழுப்பு மூன்றிலும் 4 அங்குலச் சதுரமாக ஒவ்வொரு மாதிரி தைத்தேன். மூன்றையும் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். எந்தத் துண்டு எதோடு கலந்து காணாமல் போகிறது என்பது அந்தப் படத்தில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நேரில் பார்க்கும்போது கண் நம்மை ஏமாற்றும்; ஒரே மாதிரி வெளிர்ந்த இரண்டு துணிகளை, பெயர் வேறு என்பதாலேயே வேறு வேறாக நினைத்துக்கொண்டிருப்போம்.

முதலில் வெள்ளை. சேலத்துக்காரிக்கு மனசு முதலில் போகிற இடம் அதுதான். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டு நம் ஊரில் நெய்வது. அம்மாப்பேட்டைப் பக்கம் தறி வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் கேட்டால் கை அகலத் துண்டு கிடைத்துவிடும். கூடவே காடாத் துணி (வெளுக்காத முரட்டுப் பருத்தி), மல், ஈரிழைத் துண்டு, லேஸ், சிப்பிப் பொத்தான், டிஷ்யூ காகிதம் என்று வெள்ளையில் மேற்பரப்புக்குப் பஞ்சமே கிடையாது. வெண்பட்டில் ஒரு அழகான விஷயம் உண்டு. ஒரே துண்டிலிருந்து இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் வெளிச்சத்தை வேறு வேறு மாதிரி பிடிப்பதால் ஒன்று ஒரு படி மங்கித் தெரியும். நடந்துகொண்டே பார்த்தால் பளபளப்பு இதிலிருந்து அதற்குத் தாவும். சாயமே இல்லாமல் இப்படி ஒரு வேறுபாடு கிடைப்பது பெரிய வரம்.

வெள்ளைக்கு என்னிடம் ஒரு வடிவமும் தயாராக இருந்தது. சேலத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கருத்த பாறைக்குள் மேக்னசைட் என்கிற அந்தக் கல் வெள்ளை நரம்பு நரம்பாக, வலை பின்னியது போல ஓடும். அந்த நரம்புகளை, துணிக்கு அடியில் பருத்திக் கயிறு விட்டு இரண்டு பக்கமும் தைத்து மேடாக எழுப்பினேன். பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியில் வெள்ளைத் துணியில் இந்த வேலையை நூற்றாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். மாதிரி நன்றாகவே வந்தது.

ஆனால் வெள்ளையின் சிக்கல்களும் அந்த 4 அங்குலத்திலேயே தெரிந்துவிட்டன. வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டித் துண்டைக் காடாவின் பக்கத்தில் வைத்ததும் காடா அழுக்கேறிய மாதிரி ஆகிவிட்டது. குளிர்ச்சியான வெள்ளை எல்லாம் ஒரு பக்கம், மஞ்சள் சாய்ந்த வெள்ளை எல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து, ஒரு கட்சியை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. அடுத்தது நிழல். வெள்ளையில் வெளிர்–அடர் வேறுபாடு கிட்டத்தட்டக் கிடையாது. மேடும் பள்ளமும் விழுத்தும் நிழலை மட்டுமே நம்பி இருக்கிறோம். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரில் உயிரோடு இருக்கும். எதிரே ட்யூப்லைட் எரிகிற சுவரில் தட்டையாகப் போய்விடும். அக்கா வீட்டில் ட்யூப்லைட் நேர் எதிரே இருக்கிறது. உள்ளே மடித்த துணி ஓரமும், அறுத்துவிட மறந்த நூலும் மெல்லிய மல்லின் வழியாக வெளியே தெரியும். பட்டு வருஷங்கள் போகப் போக மஞ்சளாகும். விறைப்புக்காக ஜவ்வரிசிக் கஞ்சி போட்டேன். நம் ஊர் ஜவ்வரிசிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கஞ்சி போட்டால் பருத்தி அருமையாக நிற்கும். ஆனால் மாவுப்பொருள் பூச்சியை அழைக்கும். மலையின் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளையில் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் மறைக்க வழியே இல்லை.

ஆகவே வெள்ளை யாருக்கு? கைத்தையல் நேர்த்தியாக வருகிறவர்களுக்கு, பக்க வெளிச்சமுள்ள காய்ந்த அறைக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் போடத் தயாராக இருப்பவர்களுக்கு. சட்டம் போட்டால் கண்ணாடி துணியில் படாமல் நடுவே இடைவெளி விட்டுப் போடுங்கள்.

நீலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிர்–அடர் அளவில் அதை மிஞ்ச ஆளில்லை. நீலச் சாயம் தருகிற அவுரிச் செடியின் சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருக்கும் துணி காற்றுப்பட்டு நீலமாகும்; ஒரு முக்குக்கு வான நிறம், பல முக்குக்கு நடுராத்திரி நிறம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்னமும் அவுரி விளைகிறது. ஆனால் தொட்டியைப் பதமாக வைத்திருப்பது தனிக் கலை; ஒரு அடித் துணிக்காக அதில் இறங்க வேண்டாம். வீட்டில் பழைய ஜீன்ஸ் இருந்தாலே போதும். ஜீன்ஸ் துணியில் பாவு நீலம், ஊடை வெள்ளை. அதனால் அதைப் புரட்டிப் போட்டால் வெளிர் நீலம் கிடைக்கும். முழங்காலில் வெளுத்த இடம் மூன்றாவது நீலம், தையலைப் பிரித்தால் உள்ளே மடிந்திருந்த அடர் நீலம் நான்காவது. ஒரே கால்சட்டையில் நான்கு. அவசரமாக முடிக்க வேண்டுமென்றால் நான் நீலத்தையே சொல்வேன். வெளிர் துணிகளோடு சேர்க்கும் முன் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பின் ஏன் அதை விட்டேன்? துணிக்கு வெளியே நீலம் கிடைக்கவில்லை. இலை, பட்டை, விதை, கல் எதுவும் நீலமாக இல்லை. கடைசியில் பிளாஸ்டிக் மணியும், நான் பெயின்ட் அடித்த காகிதமும்தான் மிஞ்சின. கலப்புப் பொருள் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கடையில் வாங்கி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

நாலாவதாக வெள்ளிச் சாம்பலையும் யோசித்தேன். கொலுசு செய்கிற ஊரில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருக்க முடியுமா? அறுந்த கொலுசின் கண்ணிகளை வைத்துத் தைத்தால் அழகுதான். ஆனால் கனம் துணியை இழுத்துத் தொய்ய வைக்கிறது. வெள்ளி கறுக்கும்போது சுற்றியுள்ள துணியும் கறை பிடிக்கிறது. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதிரிகூடத் தைக்கவில்லை.

கடைசியாகப் பழுப்பு. இதை நான் முதலில் ஒதுக்கியே வைத்திருந்தேன், மந்தமான நிறம் என்று. அக்காவின் வீட்டைச் சுற்றி நடந்த ஒரு காலையில்தான் மனம் மாறியது. காபித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீடு அது. ஜனவரி. பழம் பறித்து முடிகிற நேரம். களத்தில் தோல் காபி, அதாவது பழத்தோல் நீக்கி உள்ளுறையோடு இருக்கிற கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது, வைக்கோல் நிறத்தில். பக்கத்தில் காய்ந்த பழத்தோல் குவியல், கறுப்புக்கு ஒரு படி முன்னே நிற்கிற பழுப்பு. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலைகள் மேல்பக்கம் காய்ந்த புகையிலை நிறம், அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். மரத்தில் ஏறிய மிளகுக் கொடியின் தண்டு, கவாத்து செய்து போட்ட காபிக் குச்சி, செம்மண். பத்தடி நடப்பதற்குள் என் கையில் ஏழு பழுப்பு இருந்தது.

சாயமும் சமையலறையிலேயே இருந்தது. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழுப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இதுதான். காடாத் துணியைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட வேண்டும். அதில் பாதியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அலசாமல் நிழலில் காயவிட வேண்டும். ஒரு வாரம் சேர்த்து வைத்த காபிச் சக்கையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சாயத் தண்ணீர் தயார். இன்னொரு பக்கம் துருப்பிடித்த ஆணிகளை வினிகரும் தண்ணீரும் கலந்து பாட்டிலில் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தேன். கலம்காரிக்காரர்கள் இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பார்களே, அதே தத்துவம்.

கடுக்காய்த் துணியில் இந்த இரும்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்ட கணத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் அந்த ஈரத்தின் ஓரம் சாம்பலானது, சாம்பல் உள்நோக்கி ஓடி மைக்கறுப்பானது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். இப்படி ஒரே காடாவிலிருந்து எனக்கு ஐந்து படி கிடைத்தது: சாயம் போடாதது, காபியில் ஒரு முறை முக்கியது, ஒரு ராத்திரி ஊறியது, கடுக்காயும் காபியும் சேர்ந்தது, கடுக்காயும் இரும்பும் சேர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஐந்தும் ஐந்தாகவே நின்றன. இதைச் செய்பவர்கள் இரும்பில் கஞ்சத்தனமாக இருங்கள். அதிகமானால் சில வருஷத்தில் துணி இற்றுப்போகும். தொட்டு, நிறம் வந்ததும் நன்றாக அலசிவிட வேண்டும். சாயப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

சில்வர் ஓக் இலையை இரும்புத் தண்ணீரில் நனைத்து, கடுக்காய்த் துணிமேல் பரப்பி, குச்சியில் இறுகச் சுருட்டிக் கட்டி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவி காட்டினேன். பிரித்தபோது இலையின் ஒவ்வொரு கீற்றும் சாம்பல் கோடாகத் துணியில் பதிந்திருந்தது. அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் விரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம வாசல்ல உளுந்து கெடக்கற எலையா இது?" என்றாள். நிறத்தை நான் முடிவுசெய்தது அப்போதுதான்.

பழுப்பிலும் இடறல் உண்டு. நிஜ இலையைத் தைத்தேன், ஒரே வாரத்தில் நொறுங்கிவிட்டது. கிளிசரினில் ஊறவைத்தால் வளையும் தன்மை வரும். இருந்தாலும் பதிவு எடுப்பதே நிலைக்கிறது. வறுத்த காபிக் கொட்டையை வைத்தேன், அதன் எண்ணெய் கசிந்து துணியில் வட்டம் போட்டது. வறுக்காத கொட்டை கறை விடுவதில்லை, ஆனால் பூச்சி வரலாம். அதனால் இரண்டு வாரம் ஃப்ரீஸரில் போட்டு எடுத்து, மங்கல் வார்னிஷ் தடவிக் காயவிட்டேன். துளை போட வேண்டியதில்லை. மெல்லிய நெட் துணியை மேலே போட்டுச் சுற்றித் தைத்தால் கொட்டை உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பிரவுன் காகித உறையைக் கசக்கி, நனைத்து, உலர்த்தினால் தோல் மாதிரி ஆகும். ஆனால் தையலை நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவரும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தையுங்கள்.

எல்லாம் மங்கலாகப் போய்விடக் கூடாதே என்பதற்காகப் பளபளப்புக்கு இளம்பிள்ளைச் சேலையிலிருந்து வெட்டிய அரக்கு நிறக் கீற்றுகளைச் சேர்த்தேன். அதன் சரிகையை ஒரு கடையில் நல்ல சரிகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இஸ்திரிப் பெட்டி பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் சரிகை. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

உள்பஞ்சுக்கும் இரண்டு வழி இருந்தது. பாலியஸ்டர் பஞ்சு ஈரம் உறிஞ்சாது, மலைக்கு அது நல்லது; ஆனால் இவ்வளவு சின்ன அளவில் தலையணை மாதிரி உப்பி, நுணுக்கமான தையலை விழுங்கிவிடுகிறது. ஈரிழைத் துண்டு மட்டமாக இருக்கும், ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். துண்டையே வைத்தேன். ஈரத்துக்கு மாற்றாகச் சுவருக்கும் குயில்ட்டுக்கும் நடுவே காற்றுப் போக ஒரு விரல்கடை இடம் விட்டு மாட்டச் சொன்னேன். சுற்றுக்கரைக்குப் பட்டி வைக்கவில்லை. ஒரே நிறத்தில் பட்டி வைத்தால் அதுவே ஒரு கோடாகத் தெரிந்து கண்ணை ஓரத்துக்கு இழுக்கும். துணியை உள்பக்கம் திருப்பி மடித்துத் தைத்துவிட்டேன்.

முதன்முதலாகச் செய்கிறவர்களுக்குப் பழுப்பையே சொல்வேன். தையல் கோணினாலும் மன்னிக்கும், கறை விழுந்தாலும் அது இன்னொரு பழுப்பு. மலையின் ஈரத்துக்கும் வெள்ளையைவிடத் தாங்கும். வெயில் நேராக விழும் சுவருக்கு மட்டும் வேண்டாம். வெறும் காபிச் சாயம் வெளிறும். கடுக்காயும் இரும்பும் பட்ட இடங்கள் அதைவிட நன்றாக நிற்கும்.

கவாத்துக் குச்சி ஒன்றைச் சீவி, பின்பக்கம் தைத்த குழாயில் செருகி, அந்தப் பழைய காலண்டர் ஆணியிலேயே மாட்டியிருக்கிறோம். ஏழு மாதம் ஆகிறது. ஒரு முறை மட்டும் முக்கிய வெளிர் துண்டுகள் கொஞ்சம் வெளுத்துவிட்டன. இலைப் பதிவு அப்படியே இருக்கிறது. பின்னணி வெளுத்ததால் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மாமா அதற்கு எதிரே இருந்த ட்யூப்லைட்டைப் பக்கச் சுவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். வெள்ளை மாதிரியை இப்போது அங்கே எடுத்துப்போய் வைத்துப் பார்க்க வேண்டும்.